இரண்டு கார்களும் இரண்டு உப்பு மூட்டைகளும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை. பத்தாவது வரை படித்தேன், அதிலும் கணக்கில் இரண்டாம் முறைதான் தேறினேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மீன் பெயரும் எடையும்தான், அதுவும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில். எழுதுவதற்கென்றே படித்தவர்கள் நிறைய இருக்கிற ஊர் இது. அவர்கள் நடுவில் நான் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. கோபம் வந்தால் பேச்சு வராது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போதுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக வரும். அப்படி வந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கார் வாங்கப் போன கதை, வேறொன்றும் பெரிதாக இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பிள்ளைச்சாவடியில். வீட்டுக்காரர் விசைப்படகு ஓட்டுகிறார். நான் மீன் வியாபாரம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்து, டவுனில் நான்கு ஓட்டல்களுக்கும் கருவடிக்குப்பத்தில் சில வீடுகளுக்கும் கொடுக்கிறேன். ஆரம்பத்தில் வாடகை வண்டிதான். ஓட்டுகிறவர் வந்தால் வந்தார், வராவிட்டால் இல்லை. அவர் வராத நாளில் ஐஸ் கரைந்து மீனின் கண் வெளுத்துப் போகும். ஓட்டல்காரர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். அந்த எரிச்சலில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன். பிறகு குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி, பழையது ஒன்றை வாங்கினோம். பதினாறு வருஷமாக அதையும் அதற்குப் பின் வந்த இன்னொன்றையும் நான்தான் ஓட்டுகிறேன். யார் மேலும் இடித்ததில்லை. ஒரு மாட்டின் மேல் லேசாக உரசியது உண்டு. அதில் தப்பு மாட்டின் பேரில்.

கார் ஆசை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கருவடிக்குப்பத்தில் நான் மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் குடும்பம். வருஷத்தில் நான்கு மாதம் இங்கே இருப்பார்கள், மீதி நாள் பிள்ளைகளோடு பிரான்சில். அந்த வீட்டு அம்மாவைத் தெருவில் எல்லோரும் மதாம் என்பார்கள். ஒருநாள் காலை அவர்கள் கார் என் வண்டிக்குக் குறுக்கே நின்றது. ஐயா நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். மதாம் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "நீயே எடுத்து வுடும்மா. அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வா, சும்மா நின்னு நின்னு பேட்டரி எறங்கிப் போவுது" என்றாள்.

தரையோடு தாழ்ந்து நிற்கும் கார் அது. கியர் போட்டு கிளட்சை விட்டதும் என் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. நான் பழகியிருந்தது ஐஸ் பெட்டிகளை இழுத்துக்கொண்டு முனகும் வண்டி. இது நான் நினைக்கும் முன்பே போய் நின்றது. இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்தேன். அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு ஓட்டலில் இறாலை மறந்து இறக்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், வேலை முடிந்த மதியங்களில் போனில் கார்களைப் பற்றியே பார்த்தேன். கடைசியில் இரண்டு கார்கள் நின்றன. இரண்டும் தாழ்வான, வேகமான செடான். இரண்டுக்கும் டர்போ இஞ்சின். இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று பார்த்தே செய்தது போல இருந்தன. பெயர் எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள். ஷோரூமில் ஒன்று சிவப்பு, இன்னொன்று வெள்ளை, அப்படியே சொல்கிறேன். என் மனசு சிவப்பில் இருந்தது. வீட்டில் எல்லோரும், உயரமாகப் பெரிய வண்டி வாங்கு, கோயிலுக்குப் போனால் ஏழு பேர் ஏறலாம் என்றார்கள். எனக்கு ஏழு பேர் ஏற வேண்டாம். எனக்கு ஓட்ட வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அது என் வழக்கம்.

நான் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் வீட்டுக்காரரும் நானும் சிவப்புக் கார் விற்கும் ஷோரூமுக்குப் போனோம். நல்ல புடவை கட்டிக்கொண்டேன். லைசென்சைத் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அங்கே கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளைஞர் வந்தார். விற்பனையாளர்.

"வாங்க சார், வாங்க. சார் இங்க உக்காருங்க, ஏசி நல்லா வரும். காபியா, ஜூஸா சார்?"

எனக்கும் காபி வந்தது. கேட்காமலே வந்தது.

"சார், இப்ப என்ன வண்டி ஓட்டிட்டிருக்கீங்க?"

"போட்டு" என்றார் வீட்டுக்காரர்.

அது நிஜம்தான், அவர் ஓட்டுவது படகு. ஆனால் அந்த இளைஞர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, "சூப்பர் சார்" என்று சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார். வண்டி ஓட்டுவது இவள் என்று சொல்ல அதுதான் நேரம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த கார் படத்தைப் பார்த்தார்.

"டெஸ்ட் டிரைவ் போலாமா சார்? லைசென்ஸ் மட்டும் குடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

என் கை கைப்பையின் ஜிப்பில் இருந்தது. பாதி திறந்தும் விட்டேன். அதற்குள் வீட்டுக்காரர் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "லைசென்ஸ் வூட்ல வச்சிட்டு வந்துட்டேன் தம்பி. தோள்பட்டை வேற புடிச்சிக்கினு கெடக்கு. நீயே ஓட்டிக் காட்டு, நாங்க பாத்துக்கறோம்."

வீட்டில் அவர் பெயரில் கார் லைசென்ஸ் எதுவும் கிடையாது. அவருக்கு ரோட்டில் ஓட்டத் தெரிந்தது பைக் மட்டும்தான். தோள்பட்டையும் முந்தின நாள் வலை இழுத்த தோள்பட்டைதான், ஒரு குறையும் இல்லை. பதினாறு வருஷம் நான் ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், ஒரு இளைஞரின் முன்னால் ஒரு நிமிஷத்தில் என்னை இல்லாமல் செய்துவிட்டார். நான் ஜிப்பை மூடினேன். எனக்கு அவர் மேல் எவ்வளவு கோபமோ, அந்த ஜிப்பை மூடிய கையின் மேலும் அவ்வளவு கோபம்.

அந்த இளைஞர் ஓட்டினார். வீட்டுக்காரர் முன்னால், நான் பின்னால். டெஸ்ட் டிரைவ் என்று இவர்கள் சொல்வதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஷோரூம் வாசலில் கிளம்பி, ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் ஊர்ந்து, ஒரு பெட்ரோல் பங்க் எதிரில் திரும்பி, மறுபடி அதே வாசலில் நிற்பதுதான் டெஸ்ட் டிரைவ். மூன்றாவது கியரைத் தாண்டவில்லை. தண்ணீர் லாரியின் பின்னால் நின்றுகொண்டு அவர் ஒரு பொத்தானை அழுத்தி, "சார், இப்ப ஸ்போர்ட் மோடு" என்றார். லாரியின் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு காருக்குள் எரியும் விளக்கை எத்தனை நிறத்தில் மாற்றலாம் என்று காட்டினார். ஒவ்வொரு நிறத்துக்கும் வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் பின்னாலிருந்து அந்த இளைஞரின் கால்களைப் பார்த்தேன். கிளட்சிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

என்னிடம் சங்கரா வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள், வயிற்றை அழுத்திப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள். நான் கோபித்துக்கொண்டதே இல்லை. அரைக் கிலோ மீனுக்கே அவ்வளவு உரிமை. அத்தனை லட்சம் கொடுத்து வாங்கும் பொருளை மட்டும் இன்னொருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துவிட்டு வாங்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து, சோறு போடும்போது கேட்டேன். அவரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் வாய் வரும்.

"தோள்பட்டை இப்ப எப்படி இருக்கு?"

"இன்னா நக்கலா?"

"லைசென்ஸ் என் கிட்ட இருந்துச்சு. நான் ஓட்டுறேன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

"அவ்ளோ பேரு எதிர்ல பொண்டாட்டி ஓட்ட, நான் பக்கத்துல கைய கட்டிக்கினு உக்காந்து போவணுமா?"

"தெனம் குட்டியானையில அப்படித்தான வர்றீங்க."

"அது தொழிலு. இது காரு."

சோற்றைப் பிசைந்துகொண்டே, கார் வந்ததும் ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். மாமன் மகன் ஒருவர் சும்மாதான் இருக்கிறாராம், விசேஷத்துக்குப் போகும்போது கூப்பிட்டால் வந்து ஓட்டுவாராம். "நீ பின்னாடி மகாராணியாட்டம் உக்காந்து வா" என்று, எனக்கு ஏதோ பரிசு கொடுப்பது போலச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. ஷோரூமில் ஓட்டிப் பார்க்க விடாததோடு இது நிற்காது. கார் வீட்டுக்கு வந்த பிறகும் நான் அதை ஓட்டப் போவதில்லை. மீன் பெட்டி இருந்தால் நான் ஓட்டலாம், மீன் பெட்டி இல்லாவிட்டால் ஓட்டக்கூடாது. இரண்டு வருஷமாக நான் ஆசைப்பட்டது, யாரோ ஓட்டும் காரில் பின்னால் உட்கார்வதற்காக இல்லை.

வெள்ளைக் காரின் ஷோரூமுக்கு அடுத்த வாரம் போனோம். இந்த முறை லைசென்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனேன். அங்கே எங்களை வரவேற்றது ஒரு பெண், இருபத்தைந்து வயசு இருக்கும். பெண் என்றதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"சார், நீங்க ஓட்டிப் பாக்கறீங்களா?"

வீட்டுக்காரர் உடனே தோளைப் பிடித்தார். இந்த முறை இடது தோள். வலி இடம் மாறிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. "வலிம்மா. உங்க ஆளையே ஓட்டச் சொல்லு."

அந்தப் பெண் ஒரு டிரைவரைக் கூப்பிட்டாள். என்னைப் பின்னால் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வழி முழுவதும் எனக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது, திறந்தால் விளக்கு எரியும், பொட்டு சரிசெய்துகொள்ளலாம். கைப்பை வைக்க இடம் இருக்கிறது. பின்னால் ஏசி தனியாக வரும். கடைசியில், "மேடத்துக்கு எந்தக் கலர் பிடிச்சிருக்கு?" என்றாள். இரண்டு ஷோரூம்களிலும் சேர்த்து என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். அது எத்தனை குதிரைசக்தி, எந்த வேகத்தில் டர்போ பிடிக்கும், எத்தனை கியர் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நான் "வெள்ளை" என்றேன். லைசென்சை முந்தானைக்குள் பிடித்திருந்தேன். அது வேர்வையில் நனைந்து போயிருந்தது.

அன்று மாலையே வீட்டுக்காரர் தெருவில் முடிவைச் சொல்லிவிட்டார். வெள்ளைக் கார்தானாம், அதிலும் ஆட்டோமேட்டிக். கியர் போட வேண்டியதில்லை, எந்த டிரைவரைக் கூப்பிட்டாலும் ஓட்டுவார். காமிரா நன்றாகத் தெரிகிறது. காபியும் அங்கேதான் நன்றாக இருந்தது. சனிக்கிழமை நல்ல நாள், முன்பணம் கட்டிவிடலாம் என்றார். அன்றைக்குப் புதன்கிழமை.

என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா, அடுத்த தெருவில் கருவாடு போடுகிறாள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வியாழக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது கார் பேச்சு வந்தது.

"தம்பி காரு பாத்தாச்சுன்னு சொல்லிக்கினு திரியறான். நீ ஓட்டிப் பாத்தியா?"

"இல்ல அண்ணி."

"அவன் ஓட்டிப் பாத்தானா?"

"அவருக்குத் தோள்பட்டை வலி."

"அவனுக்கா?" என்று ஒரு நிமிஷம் சிரித்தாள். "சரி, ஏத்தியாவது பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்தத்தான் பாத்தீங்க?"

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் படகுக்கு இஞ்சின் வாங்கினால், மாட்டி ஒரு நாள் கடலுக்குப் போய்ப் பார்த்துத்தான் பணம் கொடுப்போம். குட்டியானை வாங்கியபோது, விற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பன்னிரண்டு ஐஸ் பெட்டிகளை ஏற்றிக் காலாப்பட்டு வரை போய் வந்தோம். வெறும் வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். பாரம் ஏறினால்தான் பிரேக் எப்படி, அடி எங்கே தட்டும் என்பது தெரியும். கார் விற்பவர்களுக்கு இந்த வழக்கம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் விடியும் முன் கடலுக்குப் போனார். நான் ஓட்டல்களுக்கு மீன் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, பெட்டிகளை வீட்டில் வைத்தேன். நாத்தனார் இரண்டு மூட்டை உப்பை எடுத்துக்கொண்டாள், கருவாட்டுக்கு வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்தது. எங்களோடு ஏலம் எடுக்கும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டாள். இருவருமே நல்ல உடம்புக்காரிகள். அதற்காகத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தாள், அதை அவர்களிடமே சொன்னாள்.

"லோடுக்கு ஆள் வேணும்னா எங்கள கூப்புடுற. கல்யாணத்துக்குக் கூப்புடுறியா?" என்றாள் ஒருத்தி.

சிவப்புக் கார் ஷோரூமில் காவலாளி எங்கள் வண்டியைப் பார்த்ததும் விசிலடித்தார். "டெலிவரின்னா பின் பக்கம் போங்க." நாத்தனார் இறங்கி, "டெலிவரி எடுக்கத்தான் வந்திருக்கோம், காரு" என்றாள். அந்த இளைஞர் வந்தார். என்னை அடையாளம் தெரிய நேரமானது. வேலைப் புடவையில் இருந்தேன்.

"சார் வரலையா மேடம்?"

லைசென்சை அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் குட்டியானையைப் பார்த்தார். உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்தார். பிறகு ஒருவர் பெரிய பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து பின்சீட்டில் விரித்தார். முன்னால் நான் நல்ல புடவையில் வந்தபோது அந்தத் தாள் இல்லை.

"எதுக்கு இது?" என்றாள் நாத்தனார்.

"புது சீட்டு மேம். எல்லாருக்கும் போடறதுதான்."

"எல்லாருக்கும்னா யாருக்கு? போன வாரம் எங்க தம்பி உக்காந்தான், அவனுக்குப் போட்டியா? அவன் வலை இழுத்த கையோட வந்தவன்."

அந்த இளைஞர் தரையைப் பார்த்தார். நாத்தனார் தாளைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் மீன் விற்கிறோம். குளிக்காமல் விற்பதில்லை. எங்கள் மீனைத்தான் இந்த ஊர் ஓட்டல்களில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வைத்துத் தின்கிறார்கள். அந்தத் தாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

டிக்கியில் உப்பு மூட்டைகளை வைத்தபோது மறுபடி தடுத்தார். "மேம், லோடு ஏத்தக் கூடாது. நாத்தம் புடிச்சிக்கும்."

"உப்புக்கு ஏதுப்பா நாத்தம்? உங்க வூட்டு சாம்பார்ல போடறது இல்ல?"

அவர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கிளம்பினேன். பெட்ரோல் பங்க் வந்தது. "இங்க யூ டர்ன் மேம்" என்றார். "நான் காலாப்பட்டு வரைக்கும் போறேன்" என்றேன். கேட்டது போல இல்லை, சொன்னது போல வந்தது.

சிவப்புக் காரைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். பஸ்ஸைத் தாண்டும்போது அது பாய்ந்த பாய்ச்சலில் பின்னால் மூன்று பேரும் "அம்மாடி" என்றார்கள். ஆனால் வேகம் கூடக்கூட ஸ்டீயரிங் கையில் லேசாகிக்கொண்டே போனது. ரோடு எப்படி இருக்கிறது என்பதை அது என் கைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர் வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏறினேன். அடியில் கரக் என்று தட்டியது. அடுத்த தடையில் சாய்வாக ஏற்றினேன். அங்கேயும் தட்டியது.

"அஞ்சு பேரு ஏறினா எந்த வண்டியும் தட்டும் மேம்" என்றார் அவர்.

"அஞ்சு சீட்டு வச்சது நீங்கதான" என்றது பின்சீட்டு.

இரண்டு வருஷ ஆசை. திரும்பி வரும்போது எனக்கு அழுகையே வந்தது. பளபளவென்று இருந்ததற்காக அதை நல்லது என்று நம்பியிருந்தேன்.

வெள்ளைக் கார் ஷோரூமில் தாள் எதுவும் விரிக்கவில்லை. அந்தப் பெண் உப்பு மூட்டையைப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்" என்று தூக்கவே வந்தாள். நான் கேட்டது கியர் வைத்த வண்டி. பின்னால் நிறுத்தியிருந்ததை எடுத்துவரச் செய்தாள். அதே வழி, அதே தடைகள். இரண்டு தடையிலும் சத்தமே இல்லை. வேகம் கூடியபோது ஸ்டீயரிங் கையில் கனத்தது, எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஒரு இடத்தில் நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். மூன்று பெண்களையும் இரண்டு மூட்டைகளையும் வைத்துக்கொண்டு அந்தக் கார் நேராக நின்றது.

அந்தப் பெண் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். "நல்லா ஓட்டறீங்க மேடம்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "நான் இந்த வண்டிய ஓட்டினதே இல்ல" என்றாள்.

"லைசென்ஸ் இல்லையா?"

"இருக்கு. டெஸ்ட் டிரைவுன்னா டிரைவரத்தான் அனுப்புவாங்க. என்னைப் பேச மட்டும் சொல்வாங்க."

அவள் எனக்குக் கண்ணாடியையும் கைப்பை இடத்தையும் காட்டியது ஏன் என்று புரிந்தது. அவளுக்கு அவர்கள் காட்டியதும் அதுதான்.

ஆக, உள்ளதைச் சொன்னால், வெள்ளைதான் நல்ல வண்டி. ஒரு கியரைக்கூடத் தொடாமல், தோளைப் பிடித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு வீட்டுக்காரர் சொன்ன அதே வண்டி. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அவர் சொன்னதற்காகவே சிவப்பை வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் தட்டும் வண்டி தட்டும் வண்டிதான்.

திரும்பி வந்து, கியர் வண்டியை என் பெயரில் பதிவு செய்ய வேண்டும் என்றேன். அந்தப் பெண் தயங்கினாள். "சார் ஆட்டோமேட்டிக்னு சொல்லிட்டுப் போனாரே. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?" போனையும் எடுத்துவிட்டாள்.

"கூப்புடு" என்றாள் நாத்தனார். "அவன் நடுக்கடல்ல இருக்கான். மீனு எடுத்துப் பேசும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் பணம், என் லைசென்ஸ், சற்று முன் என் கையைப் பார்த்து நன்றாக ஓட்டுகிறேன் என்றவள், அவளுக்கே ஒரு ஆம்பளையின் சம்மதம் வேண்டியிருக்கிறது. தொண்டை அடைத்தது. அடைத்த தொண்டையோடு பேசினேன். குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரையும் கேக்க வேணாம். ஓட்டப் போறது நான். எம் பேர்ல எழுதும்மா. கியர் வண்டி."

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு எழுதினாள்.

சாயந்திரம் வீட்டுக்காரர் கரைக்கு வந்தபோதே செய்தி போய்விட்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்போடு வந்தார்.

"கடைசில நான் சொன்ன வண்டிதான? ஒரு சுத்து பாத்ததும் சொன்னேனா இல்லையா? உப்பு மூட்டையெல்லாம் எதுக்கு ஏத்திக்கினு திரிஞ்சீங்க?"

நான் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கினேன்.

"ஆட்டோமேட்டிக்தான சொன்ன?"

"கியர் வண்டி."

சிரிப்பு நின்றது. "கியரா? மாமன் பையனுக்கு அதெல்லாம் சரியா வராதே. யாரு ஓட்டுவா?"

"நான்."

"அப்ப நான் பக்கத்துல உக்காந்து வரணும். ஊரே பாக்கும்."

"பின்னாடி உக்காருங்க. ரெண்டு தடவ நான் உக்காந்தேன், ஒண்ணும் ஆவல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தோளைப் பிடிக்கவில்லை. சோற்றைப் போட்டேன், சாப்பிட்டார். குழம்பில் உப்பு இல்லை என்று மட்டும் சொன்னார். உண்மையிலேயே போட மறந்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஏலம் முடிந்ததும் நான் மட்டும் போய் முன்பணம் கட்டினேன். கியர் வண்டி வர ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். திரும்பும் வழியில் குட்டியானைக்கு டீசல் போட்டுக்கொண்டு வந்தேன்.